இரண்டாவது வரி

பொத்தானை அமுக்கியாயிற்று. இனி அது தன் பாட்டில் எழுந்து வரட்டும். வயசான மெஷின், கூப்பிட்ட மாத்திரத்தில் வராது, உள்ளே ஃபேன் ஒரு தடவை இருமும், பிறகு சீராகச் சுற்றும், பிறகுதான் திரையில் வெளிச்சம் தட்டும். அதற்குள் இவர் வாயைத் துடைத்துவிடலாம். வலது ஓரமாகத்தான் வழியும், காலையில் கொடுத்த கஞ்சி அங்கே காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால்தான் போகும், தேய்க்கிறேன், தோல் சிவக்கிறது, ஸ்தோத்திரம் ஆண்டவரே, இந்த முகத்தை இப்படித் தொட்டுத் துடைக்க எனக்கு ஒரு ஆயுசு ஆகியிருக்கிறது. பாளையங்கோட்டையில் இந்த முகத்துக்குப் பயப்படாத பைண்டர் கிடையாது, அச்சாபீஸ்காரர் கிடையாது. இன்பராஜ் அண்ணாச்சி பார்த்த ப்ரூஃபில் பிழை இருக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள். இப்போது அந்தத் தலை ஆடிக்கொண்டே இருக்கிறது, மின்விசிறிக் காற்றில் காலண்டர் ஆடுகிற மாதிரி. ஆமாம் என்பதும் அந்த ஆட்டம்தான், இல்லை என்பதும் அந்த ஆட்டம்தான். டாக்டர் இரண்டு விரலைக் காட்டி இது ரெண்டா என்று கேட்டார், தலை ஆடியது, அதே விரலை வைத்துக்கொண்டு இது அஞ்சா என்று கேட்டார், அப்போதும் ஆடியது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். வலது கை செத்துவிட்டது, நாக்கு செத்துவிட்டது, மூளை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சொல்ல முடியாது என்றார். மூத்தவன் ஜோயல் பெங்களூரிலிருந்து வந்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றான், இளையவள் பெர்சிஸ் மஸ்கட்டிலிருந்து போனில் கேட்டு அழுதாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் எப்போதுமே ஒன்றும் சொல்லுகிறவள் இல்லையே.

குளியலறையில் ஜோயல் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்கிறது, சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான், முதலில் நாலு கப் அவசரமாக, அப்புறம் ஒரு அமைதி, அந்த அமைதியில் சோப்புப் போடுவான். அவன் வெளியே வருவதற்குள் இது எழுந்துவிட வேண்டும். நேற்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மா, நாளைக்குப் பத்து மணிக்கு ஹோம் வண்டி வருது. ஆனா ஒண்ணு. அப்பா அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு வார்த்தை அர்த்தமா அடிச்சுட்டாகன்னா வண்டியத் திருப்பி அனுப்பிருதேன். ஒரு நர்ஸப் போட்டு இங்கயே வச்சுப் பாத்துக்கிடலாம். அறிவு இருக்கவகளக் கொண்டுபோய் அங்க விட எனக்கு மனசு கேக்காது." நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். நாகர்கோவில் போகிற வழியில் இருக்கிறது அந்த இல்லம், போன மாதம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான், அறிவு தப்பினவர்களுக்கு என்று தனி ஹால், வரிசையாகக் கட்டில், எல்லாக் கட்டிலிலும் ஒரே பச்சை விரிப்பு. ஒரு பெரியவர் விரிப்பின் நூலைப் பிரித்துப் பிரித்துச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தார், பார்த்துக்கொள்கிற பெண் அதைப் பார்த்துக்கொண்டேதான் போனாள். சுத்தமாகத்தான் இருந்தது. இவரைக் கொண்டுபோய் அங்கே படுக்க வைத்தால் விரிப்பில் நெய்திருக்கிற இல்லத்துப் பெயரில் முதலில் பிழை தேடுவார். சிரிப்பு வருகிறது. இந்த நேரத்தில் சிரிப்பு வருகிறது, மன்னியும். இவருக்குப் பின்னால்தானே நிற்கிறேன், தெரியாது. இல்லை, தெரியும், திரை இன்னும் கறுப்பாக இருக்கிறது, கறுப்புத் திரையில் என் முகம் தெரிகிறது, இவருடையதும் தெரிகிறது, இவர் கண் என்னைத்தான் பார்க்கிறது.

கீபோர்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பழக்கம்தான். ஸ்டூலை இவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருவேன், கீபோர்டை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்து இரண்டு கையையும் அதன்மேல் கோர்த்துக்கொள்வேன், பார்க்கிறவர்களுக்கு நான் ஜெபம் பண்ணுகிற மாதிரித்தான் இருக்கும். ஜோயல் ஒருநாள் கதவண்டை நின்று பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பிப் போனான், பெர்சிஸுக்குப் போன் பண்ணி, கம்ப்யூட்டர் போடுததுக்குக்கூட அம்மா ஜெபம் பண்ணித்தான் போடுதாங்க என்று சொன்னானாம். ஜெபமும் பண்ணுவேன்தான். ஆனால் கீபோர்டை எடுப்பது வேறு காரியத்துக்கு. இந்த மெஷினுக்குள் இரண்டு இருக்கிறது. பழசு ஒன்று, இவர் டிடிபி கடை வைத்துக் கம்ப்யூட்டரில் அச்சுக்கு எழுத்துக் கோத்த காலத்து விண்டோஸ். அது தட்டுத் தடுமாறுகிறது என்று போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஜோயல் அதே பெட்டிக்குள் லினக்ஸ் என்று புதுசு ஒன்றையும் போட்டான், அப்பா வேலையெல்லாம் அதில் கிடக்கட்டும், இது தனியாக ஓடட்டும் என்று. ஒரு வீட்டுக்குள் இரண்டு குடித்தனம் மாதிரி, ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் தூங்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் முழித்திருக்க முடியாது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். எனக்கா புரியாது. எழும்போது ஒரு கறுப்புத் திரை வரும், அதில் இரண்டு வரி. முதல் வரி புதுசு, இரண்டாவது வரி பழசு. ஓரத்தில் ஒரு எண் பத்திலிருந்து இறங்கிக்கொண்டு வரும். சும்மா இருந்தால் முதல் வரிக்குப் போய்விடும். கீழ் அம்பை ஒரு தட்டுத் தட்டி என்டரை அமுக்கினால் பழசு. நீங்க ஒண்ணும் தொட வேண்டாம்மா, அது தானாப் போயிரும் என்றான். நான் தொடுவதில்லை. இவர் தொடுவார். இடது கை நன்றாகத்தான் இருக்கிறது, அது அந்த அம்புக்குறியைத் தேடி வரும், தேடி வருகிற இடத்தில் மேசைதான் இருக்கும், வழுவழுவென்று. எண் இறங்கி முடிந்ததும் நான் கீபோர்டை எடுத்து இவர் முன்னால் வைப்பேன். இந்தாங்க, அடிங்க.

பழசில்தான் இவருடைய தமிழ் இருக்கிறது. எழுத்தைச் சொல்லுகிறேன், இவர் காலத்தில் வாங்கிப் போட்ட எழுத்து, பழைய டைப்ரைட்டர் முறைதான், ஒவ்வொரு பொத்தானிலும் இங்கிலீஷ் எழுத்து அச்சடித்திருந்தாலும் தட்டினால் தமிழ் வரும். ஜே தட்டினால் த. கே தட்டினால் ம. அரைப்புள்ளியைத் தட்டினால் மெய்யெழுத்தின் தலையில் போய்ப் புள்ளி உட்காரும். புதுசில் அந்த எழுத்து கிடையாது, இவர் அதே பொத்தான்களை அதே ஒழுங்கில் தட்டுவார், திரையில் இங்கிலீஷும் கமாவும் அரைப்புள்ளியுமாகக் குப்பை கொட்டின மாதிரி வந்து விழும். ஜோயல் குனிந்து பார்த்தான். அவனுக்குத் தமிழில் பஸ் போர்டு படிக்க மட்டும்தான் வரும், பள்ளிக்கூடத்தில் இந்தி எடுத்தான், பெர்சிஸும் அப்படித்தான். இவர்தான் சேர்த்துவிட்டார். தமிழை வைத்துப் பிழைத்தவர், தன் பிள்ளைகள் தமிழில் படித்தால் தன்னைப் போல மை அப்பின கையோடுதான் நிற்கும் என்று சொன்னார். இருந்தாலும் ஜோயல் கெட்டிக்காரன், ஒருநாள் கேட்டான், அம்மா இது தமிழ் டைப்பிங்கா இருக்குமோ, நீங்க கடைல ப்ரூஃப் பாத்தவங்கதான, உங்களுக்கு ஏதாவது தெரியுதா என்று. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒண்ணுமில்லய்யா, சும்மா தட்டுதாக என்றேன். அன்றைக்குத் திரையில் இருந்தது டி, ஒய், பி. மூன்றே எழுத்து. ஜோயலுக்குக் கண் கலங்கிவிட்டது, டைப்புன்னு அடிக்கப் பாக்காகம்மா, கடைசி எழுத்து வர மாட்டேங்கு, பாருங்க இன்னும் கட நெனப்புதான் என்று சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டான். டி என்றால் வ. ஒய் என்றால் ல. பி வந்து ஒட்டினால் லி. வலி. நான் போய்த் துணியெல்லாம் காயப்போட்டுவிட்டு வந்துதான் இவரைத் திருப்பிப் படுக்க வைத்தேன். இடுப்புக்குக் கீழே புண் வைத்திருந்தது. மருந்து போட்டேன். ஊதி ஊதித்தான் போட்டேன்.

இந்தக் குப்பையை எனக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான், அதுதான் வேடிக்கை. கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு எட்டாம் வகுப்பு, கையெழுத்து மட்டும் குண்டு குண்டாக இருக்கும். கடையில் உட்கார வைத்து ப்ரூஃப் படிக்கப் பழக்கினார். வேறு ஊரிலிருந்து வருகிற ஃபைலில் எழுத்து இல்லாமல் இப்படித்தான் இங்கிலீஷாக வந்து நிற்கும், அதையும் அப்படியே படி என்பார், விட்டுவிட்ட பிழைக்கு ஒரு அடி, ஸ்டீல் ஸ்கேலால், விரல் கணுவில், கோபமாக இல்லை, கோபமே படமாட்டார், வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருந்தால் மேசைக்கு அடியில் வைத்து அடிப்பார், அவரிடம் பேசிக்கொண்டே அடிப்பார். ஒரு கல்யாண அட்டையில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று விழுந்துவிட்டது, முந்தின வேலையில் இருந்த வார்த்தை அழியாமல் கிடந்துவிட்டது, நானும் விட்டுவிட்டேன். அந்த மனுஷர் உயிரோடு கடைக்கு வந்து அட்டையை மேசைமேல் போட்டார். இவர் என்னைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்தி, அண்ணாச்சி, இதான் உங்களக் கொன்னது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பைண்டர் பையன்கள் ரொம்ப நாளைக்கு என்னைப் பார்த்தால் வழிவிட்டு ஒதுங்குவார்கள், அக்கா, எம் பேர எழுதிராதீங்க என்று. அதெல்லாம் பரவாயில்லை. கடை என்றால் அப்படித்தான். ஜெபத்துக்கு வந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் பாட்டுப் பாடி வேதம் வாசித்து, முதலில் பிள்ளைகள் ஜெபிக்க வேண்டும், அப்புறம் நான், முடிவில் இவர். நான் கண்ணை மூடினால் எனக்கு ஆண்டவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும், அப்பா, நீங்க இன்னைக்கு ஜோயலுக்குக் காய்ச்சல விட வச்சீங்க என்று வாயில் வந்துவிடும். ஆமென் சொன்னதும் இவர் கண்ணைத் திறந்து, மூன்று இடம் என்பார். மூன்று பிழை, ஜெபமென்றால் வேதப் புத்தகத்துத் தமிழ்தான் வர வேண்டும். நீங்க இல்ல, நீர். இன்னைக்கு இல்ல, இன்று. வச்சீங்க இல்ல, வைத்தீர். ஆண்டவர் என்ன ஒங்க பெரியம்மா மகனா? பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ளும். ப்ரூஃப் திருத்துகிற சிவப்புப் பேனாவைத்தான் கையில் வைத்திருக்கவில்லை. நான் திருத்திக்கொள்ளப் பார்த்தேன், பார்க்கப் பார்க்கப் பிழை கூடியது, நீர் என்று ஆரம்பித்து நடுவில் நீங்க வந்து நிற்கும், அந்த இடத்தில் இவர் தொண்டையைச் செருமுவார். பிறகு நான் வாய்விட்டு ஜெபிப்பதையே விட்டுவிட்டேன். மனசுக்குள்ளேயே ஜெபித்துக்கொள்ளுகிறேன் என்றேன். நல்லது, அங்க அச்சுப் பிழை விழாது என்றார். அத்தனை வருஷம். சபையில் என்னை அமைதியான சகோதரி என்பார்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கமலம் அக்காவைப் போல இருக்க வேண்டும் என்று புது மருமகள்களுக்குச் சொல்வார்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். இப்போது இவருக்கும் தெரியும்.

இவர் விழுந்த பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறு, இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் முழங்கால் போட்டு வாய்விட்டு ஜெபித்தேன். குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. நீங்கதான் அவுகளக் காப்பாத்தித் தந்தீங்க என்று அழுதேன், உண்மையாகத்தான் அழுதேன். கண்ணைத் திறந்தால் இடது கை மேசையில் எதையோ தேடுகிறது. பாவம், ஏதோ கேட்கிறார் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன், ஜோயல் சொன்னபடி தொடாமல்தான் இருந்தேன், புதுசுதான் வந்தது, கீபோர்டை இவர் பக்கம் தள்ளி வைத்தேன். செத்துப் பிழைத்து வந்த மனுஷர், வாயில் ஒரு சொல் இல்லாத மனுஷர், முதன்முதலாக என்ன அடிப்பார்? என் பெயரை அடிப்பார் என்று நினைத்தேன், அப்படித்தான் நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது. ஈ, பெரிய பி, யூ, அரைப்புள்ளி. நீர். நீங்க இல்லை, நீர். அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று மிகவும் அமைதியாக எழுந்து உட்கார்ந்தது. அடுத்த நாள் இவர் கை கீழ் அம்பைத் தேடிப் போனபோது நான் கீபோர்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் வாய்விட்டு ஜெபிக்கிறேன். நீங்க, வாங்க, போங்க, தாங்க என்று. இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். தலை ஆடுகிறது. ஆமாம் என்றே வைத்துக்கொள்ளுகிறேன்.

ஃபேன் இருமிவிட்டது. திரையில் யாரோ சாம்பலைத் தூவின மாதிரி ஒரு வெளிச்சம். குளியலறையில் இரண்டாவது தண்ணீர் ஊற்றல் ஆரம்பித்தாயிற்று, சோப்புப் போய்விட்டது, இனி துண்டுதான். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். கையைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், முதல் வரி வரும், குப்பை கொட்டும், வண்டி வரும். பெர்சிஸ் டிக்கெட் போட்டுவிடுவாள், வேலைக்காரி சரியில்லை, நீங்க வந்தா பிள்ளையப் பாத்துக்கிட்டு எனக்குத் துணையா இருக்கும் என்று ஏற்கெனவே மூன்று தரம் சொல்லிவிட்டாள். பதினாலாவது மாடியாம். அங்கே யாரும் ஜெபத்துக்கு முழங்கால் போட மாட்டார்கள், மருமகன் போனைப் பார்த்துக்கொண்டே ஆமென் சொல்லுகிறவர், நான் நீங்க என்றாலும் நீர் என்றாலும் யார் காதில் விழப் போகிறது. அந்த அறையில் கண்ணை மூடினால் நான் யாருக்கு ஜெபிப்பேன். இது என்ன கேள்வி, ஆண்டவருக்கு. ஆண்டவருக்குத்தான். ஆனால் பாருங்கள், நேற்று இவர் தூங்கிவிட்டார் என்று தெரியாமல் ஜெபித்துக்கொண்டிருந்தேன், நடுவில் கண்ணைத் திறந்து பார்த்தால் வாயைப் பிளந்து தூங்குகிறார், எனக்கு ஜெபம் அப்படியே நின்றுவிட்டது. மேலே ஒரு வார்த்தை வரவில்லை. தோளைத் தட்டி எழுப்பினேன். முழித்துப் பார்த்த பிறகுதான் வந்தது. அப்போது தெரிந்துவிட்டது, இவரை அனுப்பிவிட்டால் எனக்கு வாய் மறுபடியும் அடைத்துக்கொள்ளும். இவர் இங்கே இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்க வேண்டும். கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

அப்படியானால் கீழ் அம்பைத் தட்ட வேண்டும். தட்டினால் பழசு வரும், தமிழ் வரும், ஜோயல் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவான், வண்டி திரும்பிப் போகும். ஆனால் இவர் என்ன அடிப்பார்? கீபோர்டை மடியில் வைத்துக்கொள்கிறாள் என்று அடிப்பார். வலி என்று சொன்னேன், துணி காயப்போடப் போனாள் என்று அடிப்பார். காபியில் சீனி போடுவதில்லை என்று அடிப்பார், டாக்டர் சொன்னதால்தான் போடவில்லை, முதலில் அதனால்தான். பிழையே இல்லாமல் அடிப்பார். பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள். அமைதியான சகோதரியைப் பார்ப்பார்கள். தட்டாவிட்டால் போய்விடுவார், தட்டினால் பேசிவிடுவார், ஆண்டவரே, ஒரு வழி காட்டுங்க, காட்டும், காட்டுங்க. எண் வந்துவிட்டது. பத்து. இரண்டு வரி, முதல் வரியின்மேல் வெள்ளைப் பட்டை. ஒன்பது. என் விரல்களுக்குக் கீழே பொத்தான்கள் குளிர்ந்திருக்கின்றன, முழங்காலில் அந்தக் குளிர் இறங்குகிறது. இவர் கை மேசைக்கு வரவில்லை. வழக்கமாக இதற்குள் தேட ஆரம்பித்திருக்கும். தொடைமேல் வைத்தபடி இருக்கிறது. எதற்காகச் சும்மா இருக்கிறார். இன்றைக்கு என்ன நாள் என்று தெரியாதா, நேற்று ஜோயல் பேசியதெல்லாம் இதே அறையில்தானே. ஆறு. துண்டை உதறுகிற சத்தம். தாழ்ப்பாள். ஜோயலு, ஒரு நிமிஷம் இருய்யா. நான்கு. இவர் தேடாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை, தேட வேண்டும், நான் கொடுக்காமல் இருக்க வேண்டும், அதுதானே ஒழுங்கு. மூன்று. தட்டிவிட்டேன்.

கீழ் அம்பு. பட்டை இரண்டாவது வரிக்கு இறங்கிவிட்டது. எண் நின்றுவிட்டது. ஏதாவது ஒரு பொத்தானைத் தொட்டால் எண்ணிக்கை நின்றுவிடும் போலிருக்கிறது, இத்தனை நாள் தொடாததால் எனக்குத் தெரியாது, இப்போது அது எவ்வளவு நேரமானாலும் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கீபோர்டைத் தூக்கி இவர் முன்னால் வைத்தேன். என்டர் மட்டும்தான் பாக்கி, அதை நீங்களே அமுக்குங்க என்று காதில் சொன்னேன். இவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், திரையின் வழியாக இல்லை, நேராகக் கழுத்தைத் திருப்பி, அந்த ஆட்டத்தோடு. இடது கை தொடையிலிருந்து எழுந்து மெதுவாக மேசையில் ஊர்ந்து வந்தது. மேல் அம்பைத் தட்டினார். பட்டை முதல் வரிக்கு ஏறிவிட்டது. என்டரை அமுக்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். புதுசு திறந்தது, ஜோயல் ஏற்பாடு பண்ணி வைத்திருக்கிற வெள்ளைத் தாள் தானாக வந்து நின்றது. சுண்டு விரலை ஷிஃப்ட் பொத்தானில் ஊன்றிக்கொண்டு, ஆட்காட்டி விரலால், ஒவ்வொன்றாக, வெளியே வந்த ஜோயல் தலையைத் துவட்டிக்கொண்டு பின்னால் வந்து நிற்கிற நேரத்தில், அடித்தார். எம். பெரிய டி, டாக்டருக்குப் போடுகிற டி. ஜி. அரைப்புள்ளி. பெரிய ஜி. பிறகு முற்றுப்புள்ளி. கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். அனுப்பு. எனக்கு மட்டும் தெரிகிற பாஷையில், நான் படித்துவிடுவேன் என்று தெரிந்து, இத்தனை நாளும் படித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று தெரிந்து, அடித்திருக்கிறார். பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், உனக்குச் சொல்லுகிறேன். என்னிடமிருந்து போகிறாராம். பச்சை விரிப்புக்குப் போகிறாராம், நூலைத் தின்கிறவர் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாராம், அது போதுமாம். பழக்கதோஷத்தில் பிழை தேடினேன். ஒரு பிழையும் இல்லை.

ஜோயல் குனிந்து பார்க்கிறான், ஈரத் தலையிலிருந்து ஒரு சொட்டு இவர் தோளில் விழுகிறது. ரொம்ப நேரம் பார்க்கிறான். வாசலில் ஹாரன் சத்தம், வண்டி முன்னதாகவே வந்துவிட்டது. "ஒண்ணுமில்லயாம்மா?" என்கிறான். ஒண்ணுமில்லய்யா என்று நான் சொல்ல வேண்டிய இடம் இது. என் வாயில் அது தயாராக இருக்கிறது, இவரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார், தலை ஆடுகிறது, கண் மட்டும் ஆடவில்லை, சொல்லு, சொல்லி முடி என்கிறது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

"இருய்யா," என்றேன். "இது தமிழ்தான்."

விரலை வைத்துக் காட்டினேன். இது அ, இது னு, இது ப்பன்னா. அன்னைக்கு எனக்கே பிடிபடலய்யா, நாலு நாளா உத்துப் பாத்து இன்னைக்குத்தான் தெளிஞ்சுது என்றேன். ஜோயல் என் விரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். முற்றுப்புள்ளி வைத்த பிறகு ஒரு எழுத்தும் சேர்க்கக் கூடாது, அது இவர் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது.

"அனுப்பாதேன்னு எழுதியிருக்காக. கடைசி எழுத்து வாரதுக்குள்ள கை ஓஞ்சிட்டு."

ஜோயல் அப்படியே இவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அப்பா, அப்பா என்று பெரிய ஆம்பிளை, நாற்பதைத் தொடப் போகிறவன், ஏங்கி ஏங்கி அழுகிறான். அவன் தோளுக்கு மேலாக இவர் என்னைப் பார்க்கிறார். வாயிலிருந்து ஒரு சத்தம் வருகிறது, ம்பா என்று, ஜோயல் அதைத் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து இன்னும் இறுக்குகிறான். இடது கை அவனுக்கு அடியிலிருந்து பிதுங்கி வெளியே வந்து மேசையில் ஓடுகிறது. அதற்குள் நான் கீபோர்டை எடுத்துக்கொண்டேன். இன்னைக்குப் போதும்யா, கை நடுங்குது பாரு, ரொம்பச் சந்தோசப்பட்டாலும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு என்றேன். ஜோயல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிக்காரனிடம் போய்ப் பேசிவிட்டு வந்தான். வந்தவன் தரையில் நிற்கவில்லை, இந்தத் தமிழ் எழுத்து இங்கேயே தெரிகிற மாதிரி பண்ணிவிடலாம் என்கிறான், இல்லாவிட்டால் அந்தப் பழசையே முதல் வரியாகப் போட்டுவிடுகிறேன் என்கிறான், இன்று சாயங்காலம் ரயில் இருக்கிறதே என்றும் யோசிக்கிறான். உனக்கு எதுக்குய்யா செரமம், அவுக இதுலயே பழகிட்டாக, அதான் நான் படிக்கேனே என்றேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, பிள்ளை மறைக்கப் பார்க்கிற நிம்மதி, தாய்க்கு அது தெரியாமல் போகாது. சரிம்மா, அடுத்த தடவ வரும்போது போட்டுத் தாரேன் என்றான்.

"ஒண்ணு மட்டும் செஞ்சிட்டுப் போ. அந்தப் பழச எடுத்துரு. ரெண்டு வரியப் பாத்தா அவுகளுக்குக் குழம்புது. நீ வாரதுக்கு முன்னாலகூட மேலயும் கீழயுமாத் தட்டிக்கிட்டு இருந்தாக."

அதில் அப்பா வேலையெல்லாம் இருக்கிறதே என்று தயங்கினான். கல்யாண அட்டையும் அடக்க ஆராதனை கார்டும்தானய்யா, கட்டினவங்களுக்குப் பிள்ளை பிறந்தாச்சு, அடங்கினவங்களுக்கு இனி என்ன என்றேன். சிரித்துவிட்டான். போட்டோ மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்து ஏதேதோ தட்டினான், உறுதிதானா என்று மெஷின் கேட்டது, உறுதிதான் என்று அவனே அமுக்கினான். ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக ஊர்கிறது. பழசு இருந்த இடம் இனி புதுசுக்கே என்கிறான், இனிமே அந்தக் கறுப்புத் திரையே வராதும்மா, நேராப் போயிரும். கீபோர்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பெர்சிஸைக் கூப்பிட வாசலுக்குப் போனான், அங்கிருந்து கேட்கிறது, அப்பாக்கு எல்லாம் புரியுதுட்டி, அம்மாதான் கண்டுபிடிச்சாங்க என்று.

இவர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வலது ஓரத்தில் மறுபடியும் வழிந்திருக்கிறது, இந்தத் தடவை மெதுவாகத் துடைத்தேன், தோல் நோகாமல். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். கீபோர்டை மடியில் வைத்து இரண்டு கையையும் அதன்மேல் கோர்த்துக்கொண்டேன். ஜெபம் பண்ணுவோமா என்று கேட்டேன், தலை ஆடியது. கண்ணை மூடினேன். அப்பா, ஆண்டவரே, நீங்க எவ்வளவு நல்லவங்க, நீங்கதான் இவுகள எங்கிட்டயே விட்டுட்டீங்க என்று ஆரம்பித்தேன். நாற்காலிக் கையில் விரல் தட்டுகிறது, மரத்தில், எழுத்து இல்லாத இடத்தில், நிறுத்தி நிறுத்தி, அந்த முதல் ஞாயிறு அடித்த அதே நாலு தட்டு. கண்ணைத் திறக்காமலே படித்துவிட்டேன். மேலே ஜெபித்துக்கொண்டே போனேன்.